நிலமும் நினைவும்: கென்யக் குடியேறிகள் இருவரின் நூல்கள்

நைரோபி நகருக்குத் தென்மேற்கே, ங்கோங் மலையடிவாரத்தில் இருந்த ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில், இராப்பொழுதில், டென்மார்க்கிலிருந்து வந்த தோட்ட எஜமானி சாப்பாட்டு மேஜையின் முன் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்க, அவருடைய சமையற்காரனாகிய கமாண்டே என்னும் கிகூயு இளைஞன் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கதவு திறந்தால் காற்றில் பறந்துவிடும் நிலையில் கிடக்கின்றனவே, இவை எவ்வாறு ஒரு புத்தகமாக முடியும் என்று அவன் ஒருநாள் வினவினான். அலமாரியிலிருந்து ஹோமருடைய ஒடிஸியை எடுத்து வந்து, கெட்டியான அட்டைக்குள் கட்டுக்கோப்பாக நிற்கும் இதுவன்றோ புத்தகம் என்று காட்டினான். பின்னர், அப்படி என்னதான் எழுதப்போகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, உன்னைப் பற்றியும் எழுதக்கூடும் என்று எஜமானி மறுமொழி கூற, அவன் தன் உடம்பைத் தானே குனிந்து நோக்கிவிட்டு, தாழ்ந்த குரலில், என்னில் எதைப் பற்றி என்று கேட்டான். அன்னிய ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பியர் எழுதிய நினைவு நூல்கள் அனைத்தின் முன்னும் வைக்கத்தக்க கேள்வி அது. எழுதியவர் எதைக் கண்டார், எதைக் காணாதிருந்தார், கண்டதை எந்த உரிமையில் எழுதினார் என்ற மூன்றும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிக் கிடக்கின்றன.

அந்த எஜமானி காரென் பிளிக்ஸன். 1885-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் பிறந்து, 1914 ஜனவரியில் மொம்பாசாத் துறைமுகத்தில் இறங்கி அங்கேயே மணம் புரிந்துகொண்டு, 17 ஆண்டுகள் தோட்டம் நடத்தி, அது கடனில் மூழ்கி விற்கப்பட்டபின் 1931-இல் வெறுங்கையுடன் தாய்வீடு திரும்பியவர். ஐசக் டினெஸன் என்ற புனைபெயரில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' 1937-இல் வெளிவந்தது. அவருடைய நூலோடு ஒப்புநோக்க நான் எடுத்துக்கொள்வது எல்ஸ்பெத் ஹக்ஸ்லியின் 'தி ஃபிளேம் ட்ரீஸ் ஆஃப் தீகா' என்னும் நூலை. 1907-இல் லண்டனில் பிறந்த ஹக்ஸ்லி, நைரோபிக்கு வடகிழக்கே தீகாவில் 500 ஏக்கர் நிலம் வாங்கிக் காப்பி பயிரிட முனைந்த பெற்றோருடன் முதல் உலகப் போரை ஒட்டிய நாட்களைக் குழந்தையாகக் கழித்தவர். அந்த நாட்களை அவர் 1959-இல் நூலாக்கினார். இருவருமே ஐம்பத்திரண்டு வயதை ஒட்டித் தங்கள் நூலை வெளியிட்டார்கள்; இருவருமே ஆப்பிரிக்காவை விட்டு வெகுதூரம் வந்து, ஐரோப்பிய வீடொன்றின் அமைதியில் அமர்ந்து எழுதினார்கள்; இருவர் எழுதியதும் கிகூயு மக்களின் நிலத்தில், காப்பியை நம்பி வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியே. பிற்காலத்தில் ஹக்ஸ்லியின் நூல் 1981-இல் தொலைக்காட்சித் தொடராகவும், பிளிக்ஸனுடைய நூல் 1985-இல் 7 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற திரைப்படமாகவும் மாறி, நூலைப் படியாத கோடிக்கணக்கான மக்களின் மனத்தில் ஆப்பிரிக்கா என்றால் இதுதான் என்ற ஒரு சித்திரத்தைப் பதித்துவிட்டமையால், அவற்றின் குணத்தையும் குறையையும் நிதானமாக எடைபோடுவது இன்றும் தேவையான பணியே ஆகும்.

நூல்களுக்குள் புகுமுன், அவை நின்ற நிலத்தின் சரித்திரத்தைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையிலான இருப்புப்பாதை, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுசெல்லப்பட்ட சுமார் 32,000 இந்தியத் தொழிலாளரின் உழைப்பால் 1896 முதல் 1901 வரை போடப்பட்டது. 1899-இல் அதன் கிடங்காகத் தோன்றிய இடமே நைரோபி. பாதைக்குச் செலவான பணத்தை மீட்க வேண்டுமென்றால் சரக்கு வேண்டும், சரக்குக்கு விளைச்சல் வேண்டும், விளைச்சலுக்கு வெள்ளைக் குடியேறிகள் வேண்டும் என்ற கணக்கில் மேட்டுநிலங்கள் திறந்துவிடப்பட்டன. பாதை போடப்பட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில்தான், 1890-களின் இறுதியில், பஞ்சமும் பெரியம்மையும் மாட்டுக் கொள்ளைநோயும் அடுத்தடுத்துத் தாக்கித் தென்கிகூயு நாட்டின் பல பகுதிகளை ஆளற்றவையாக்கியிருந்தன. கிகூயு வழக்கப்படி 'கிதாகா' எனப்படும் குலநிலம், அதை முதலில் திருத்தியவனுடைய வழித்தோன்றல்களுக்கு உரியது; உரியவர் பஞ்சத்தில் ஊர் விட்டுப் போயிருந்தாலும் உரிமை போவதில்லை. வந்த ஆங்கிலேயரோ காடு மண்டிய வயல்களைக் கண்டு, எவருக்கும் சொந்தமற்ற நிலம் என்று எழுதிக்கொண்டார்கள். 1902-ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறிகளுக்கு 99 ஆண்டுக் குத்தகை அளித்தது. 1915-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 999 ஆண்டுகளாக நீட்டியது. பூர்வீகக் குடிகள் தாங்கள் பிறந்த மண்ணில் அரசின் தயவில் தங்கியிருப்போர் என்று 1921-இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. குடிசைக்கு வரி விதிக்கப்பட்டது. வரிக்குப் பணம் வேண்டும். பணத்துக்குத் தோட்டத்தில் கூலி செய்ய வேண்டும். பிளிக்ஸனின் ஆறாயிரம் ஏக்கரும் ஹக்ஸ்லி குடும்பத்தின் ஐந்நூறு ஏக்கரும் இந்த அஸ்திவாரத்தின் மீது நின்றவை.

இனிப் பிளிக்ஸனுடைய நூலின் பெருமையைச் சொல்ல வேண்டும்; அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வேட்டைப் பெருமையும் கணக்குவழக்கும் நிறைந்த குடியேறிகளின் நூல்களுக்கிடையே, தனக்கென்று ஓர் ஓசையும் உருவமும் படைத்துக்கொண்ட நூல் அது. ஐந்து பகுதிகளாக அமைந்த அந்நூலில் ஆண்டு வரிசையில்லை. எழுதியவருடைய கணவரைப் பற்றி ஏறத்தாழ ஒரு பேச்சுமில்லை. தன் சொந்தத் துயரங்களைப் பெரும்பாலும் மறைத்துக்கொண்டு, தோட்டத்தில் தன்னைச் சூழ்ந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக ஏந்திக் காட்டுகிறார். காலில் ஆறாப் புண்ணோடு வந்த சிறுவன் கமாண்டே, தம்முடைய மருந்தால் குணப்படாமல், ஸ்காட்லாந்து மிஷன் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுத் தேறித் திரும்பி, பின்னர் மிகச் சிறந்த சமையற்காரனாக வளர்ந்த கதையும், வீட்டின் நிர்வாகத்தையே தாங்கி நின்ற சோமாலியர் ஃபாராவின் கம்பீரமும், தோட்டத்துக் கொல்லன் பூரண் சிங்கின் உலைக்களத்தில் எப்போதும் கூடி நின்ற கூட்டமும் படித்தவர் மறக்கக்கூடியவை அல்ல.

அவற்றினும் மேலாக நான் மதிப்பது, துப்பாக்கி விபத்தைப் பற்றிய இரண்டாம் பகுதியை. தோட்டத்துச் சிறுவன் ஒருவன் விளையாட்டாகச் சுட்ட குண்டில் வாமாய் என்ற பிள்ளை இறந்துபோகிறான். ஐரோப்பிய மனம், குற்றவாளி யார், அவனுடைய நோக்கம் என்ன என்று தேடுகிறது. கிகூயு முதியோர் சபையோ, நேர்ந்த நஷ்டம் என்ன, அதை எத்தனை ஆடுமாடுகளால் ஈடுசெய்வது என்று ஆராய்கிறது. தம்முடைய நீதியே நீதியென்று கருதிய ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர், இந்த இரண்டு நியாய முறைகளையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டாவதற்கும் தனக்கேயுரிய தர்க்கம் உண்டு என்று பொறுமையோடு விளக்குவது சாமானியமன்று. அதனினும் உருக்கமான இடம் ஒன்று அங்கே வருகிறது. இறந்த பிள்ளையை வளர்த்தவர் ஜோகோனா என்ற ஏழை. தமக்கும் அவனுக்கும் உள்ள உறவை நிரூபித்தால்தான் ஈட்டுத்தொகையில் பங்கு கிடைக்கும். அவர் சொல்லச் சொல்லப் பிளிக்ஸன் எழுதுகிறார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது, தம் பெயர் ஒலித்த இடத்தில் அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், தம்மைத் தாமே முதன்முறையாகக் கண்டுகொண்ட ஒருவரின் ஒளி இருந்தது. அந்தக் காகிதத்தைத் தோற்பையில் இட்டுக் கழுத்தில் அணிந்துகொண்டு, அவ்வப்போது வந்து மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுப் போனார். எழுத்து ஒரு மனிதனுக்கு என்ன கொடுக்கிறது என்பதை இத்தனை குறைந்த சொற்களில் காட்டிய பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை.

ஆயினும் அந்தக் கழுத்தையே இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் கென்யாவில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, 16 வயது கடந்த ஒவ்வோர் ஆப்பிரிக்க ஆணும் தன் கைரேகையும், வேலை கொடுத்தவர்கள் எழுதிய குறிப்புகளும் அடங்கிய 'கிபாண்டே' என்னும் பதிவுச் சீட்டை வைத்திருக்க வேண்டும்; அதை ஒரு சிறு உலோகப் பெட்டியில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வதே வழக்கமாயிற்று. அது இல்லாமல் அகப்பட்டவன் தண்டிக்கப்பட்டான். எஜமானன் கையெழுத்திட்டு விடுவிக்காமல் வேறிடத்தில் வேலை தேடவும் முடியாது. இதை எதிர்த்துக் குரல் கொடுத்த ஹாரி துக்கு 1922 மார்ச்சில் கைது செய்யப்பட்டபோது, அவருடைய விடுதலையைக் கேட்டுக் கூடிய கூட்டத்தின்மீது நைரோபியில் துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் மாண்டார்கள். பிளிக்ஸனின் தோட்டத்திலிருந்து அவ்விடம் வண்டிப்பயண தூரம். ஒரு மனிதனைத் தனக்கே காட்டிய காகிதத்தைப் பற்றி அத்தனை அழகாக எழுதியவர், ஒரு மனிதனைப் பிறருக்கு அடையாளம் காட்டிக் கட்டிவைத்த காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம்மை அழைக்கவில்லை. ஜோகோனாவின் காகிதம் எஜமானியின் கருணையால் வந்தது. மற்றது எஜமானர்களின் சட்டத்தால் வந்தது. முன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதே இவ்வகை நூல்களின் தீராத பலவீனம்.

இந்தப் பலவீனம் பிளிக்ஸனிடத்தில் வெறும் மறதியாக நிற்காமல், ஒரு கலைக்கொள்கையாகவே வளர்ந்துவிட்டது. மனிதர்களை அவர் புராண பாத்திரங்களாக உயர்த்துகிறார். உயர்த்தும்போதே அவர்களைச் சரித்திரத்திலிருந்து பிடுங்கிவிடுகிறார். கிகூயுக்களையும் மசாயிகளையும் காட்டு விலங்குகளோடும் மலையோடும் மேகத்தோடும் ஒப்பிட்டு அவர் எழுதும் இடங்கள் ஏராளம். அவரைப் பொறுத்தவரை அது இகழ்ச்சியன்று. விலங்குகளை அவர் மனிதர்களினும் மேலாக மதித்தவர். ஆனால் மலைக்கு மனுக் கொடுக்கும் உரிமை வேண்டியதில்லை. மானுக்கு நிலப்பட்டா வேண்டியதில்லை. இயற்கையின் பகுதியாக ஒரு ஜனசமூகத்தைப் பார்க்கப் பழகிய கண், அந்தச் சமூகம் சங்கம் அமைத்து விண்ணப்பம் எழுதத் தொடங்கியதைக் காண விரும்பாது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ இந்நூலைக் கடுமையாகச் சாடியதற்கு இதுவே காரணம். சமையற்காரனும் நாயும் ஒரே தட்டில் வைத்து நேசிக்கப்படும் அன்பு, அன்பின் வேடத்தில் வரும் அவமதிப்பு என்பது அவருடைய கட்சி.

கூகியின் குற்றச்சாட்டுக்குச் சான்று வேண்டுமென்றால், நூலின் நான்காம் பகுதியில் வரும் கிடோஷின் கதை ஒன்றே போதும். குதிரையை நடத்திக்கொண்டு வரச் சொன்னால் அதன்மீது ஏறி வந்தான் என்பதற்காக, மோலோ என்னும் ஊரில் குடியேறி ஒருவன் தன் வேலையாளான கிடோஷைச் சவுக்கால் அடித்து, கிடங்கில் கட்டிப்போட்டான். அன்றிரவே அந்த இளைஞன் உயிர் துறந்தான். 1923-இல் வழக்கு நடந்தது. அவன் சாக விரும்பினான், அந்த விருப்பமே அவன் சாவுக்குக் காரணம் என்ற வாதம் மருத்துவர்களின் வாயிலாக அங்கே முன்வைக்கப்பட்டது. நடுவர்கள் கொலைக்குற்றம் காணாமல், கொடுங்காயம் விளைவித்த குற்றம் மட்டுமே கண்டார்கள். பிளிக்ஸன் இச்சம்பவத்தை மறைக்கவில்லை. அதை எழுத வேறு குடியேறிகள் துணிந்திருக்க மாட்டார்கள். அடியும் கட்டும் சாவும் அவருடைய வாக்கியங்களில் ஒரு மிகையுமின்றித் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் முடிவுரையில் அவர் மனம் வேறு திசையில் போகிறது. நினைத்தபோது உயிரை விட்டுவிடும் ஆற்றலில், எவராலும் பிடித்துவைக்க முடியாத வனஜீவிகளின் சுதந்திரத்தைக் கண்டு, அதன் அழகில் அவர் லயித்துவிடுகிறார். குற்றவாளியைத் தப்புவித்த வாதமும், கலைஞரை வியக்கவைத்த கற்பனையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. சவுக்கைப் பிடித்த கை நம் பார்வையிலிருந்து மெல்ல விலகிப்போக, அடிபட்டு இறந்தவனின் மகத்துவம் மட்டும் எஞ்சுகிறது. எத்தனை அழகான வாக்கியமும் இந்த இடத்தில் நம்மைச் சமாதானப்படுத்தக் கூடாது.

ஹக்ஸ்லியின் நூலுக்கு வந்தால் காற்றே மாறிவிடுகிறது. எருதுகள் பூட்டிய வண்டியில் நைரோபியை விட்டுப் புறப்படும் குடும்பத்தோடு தொடங்கும் அந்நூலில் காவியக் குரல் கிடையாது. ஆறு வயதுப் பெண்ணின் கூர்மையான கண்களும், அவளுடைய கண்களுக்குப் பின்னால் நின்று வாக்கியங்களைச் செதுக்கும் ஐம்பது வயதுப் பெண்மணியின் முதிர்ந்த மொழியும் இருக்கின்றன. பிளிக்ஸனிடத்தில் தோட்டம் ஒரு ராஜ்யம். ஹக்ஸ்லியிடத்தில் அது கடன், செடி, கலப்பை, கூலியாள் ஆகியவற்றோடு ஓயாது போராடும் ஒரு குடும்பம். பெரிய திட்டங்களைத் தீட்டி ஏமாறும் தந்தை ராபின், எதையும் தம் கையாலேயே செய்து முடிக்கும் தாய் டில்லி, அண்டைத் தோட்டத்துக்காரர்களின் பெருமிதமும் தனிமையும், லெட்டிஸ் என்ற பெண்மணிக்கும் இயன் என்ற இளைஞருக்கும் இடையே அரும்பும் காதல் ஆகிய அனைத்தையும், பொருள் முழுவதும் விளங்காமலே ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறாள்; அவளுக்கு விளங்காதது நமக்கு விளங்குகிறது. குடியேறிகளை அவர்களுடைய சாதாரண உயரத்திலேயே நிறுத்திக் காட்டியது ஹக்ஸ்லியின் சிறப்பு. நாகரிகத்தைச் சுமந்து வந்தவர்களாகத் தங்களை எண்ணிக்கொண்ட அம்மனிதர்கள், கடனுக்கும் வானிலைக்கும் அஞ்சி, சுற்றியிருந்த மக்களின் மொழியையும் மரபையும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தடுமாறினார்கள் என்ற உண்மையைப் பிளிக்ஸனுடைய நூலைவிட இது தெளிவாகச் சொல்கிறது.

ஒரே வகையான விஷயத்தை இருவரும் எழுதும் இடங்களில் இவ்வேறுபாடு நன்றாக வெளிப்படும். பிளிக்ஸன் வளர்த்த மான்குட்டி லூலூ வளர்ந்து காட்டுக்குப் போய், பின் தன் குட்டியோடு வீட்டின் எல்லை வரை வந்து நின்றபோது, அது ஆப்பிரிக்கா முழுவதும் தம் வீட்டோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் அடையாளமாக அவருக்குத் தோன்றியது. ஹக்ஸ்லியின் குழந்தைக்கும் ட்விங்கிள் என்ற மான்குட்டி உண்டு; ஆனால் அது அடையாளமாக மாறாமல் கடைசி வரை மானாகவே இருக்கிறது, அதன்மீது குழந்தை கொண்ட பாசமும் அதை இழந்துவிடுவோமோ என்ற பயமுமே பேசப்படுகின்றன. அவ்வாறே, சாவை நோக்கி நழுவும் ஆப்பிரிக்கர் ஒருவர் இரு நூல்களிலும் வருகிறார். தன்மேல் மந்திரக் கட்டு விழுந்துவிட்டது என்று நம்பி, மருந்துக்கு மசியாமல் ஜோம்போ என்ற தோட்டத்தொழிலாளி நாளுக்கு நாள் தேய்வதை ஹக்ஸ்லி எழுதும்போது, அதில் அவர் அழகைத் தேடவில்லை. யாருக்கும் யாருக்கும் பகை, அதை எந்த முறையில் நீக்கலாம், தலைவரிடம் யார் பேசுவது என்று மனிதர்கள் அலைவதையே சொல்கிறார். மரணம் அங்கே தத்துவமாகாமல், சமூக உறவுகளுக்குள் நடக்கும் ஒரு நிகழ்ச்சியாகவே நிற்கிறது. கண்டதைக் கண்டவாறு சொல்லும் சாட்சி வேண்டுமென்றால் நான் ஹக்ஸ்லியைத்தான் அழைப்பேன்.

ஆனால் எந்தக் குழந்தையின் கண்ணால் அவர் இத்தனையையும் காட்டினாரோ, அந்தக் குழந்தையே அவருக்குப் புகலிடமும் ஆகிவிட்டது. நிலம் யாருடையது என்று ஆறு வயதுக் குழந்தை கேட்க மாட்டாள். கேட்காததற்காக அவளை நாம் குறைகூறவும் முடியாது. நூலை எழுதியவரோ அக்குழந்தை அல்லர். 1935-இல் கென்யக் குடியேற்றத்தின் தலைவரான டெலமியர் பிரபுவின் வாழ்க்கையை இரண்டு தொகுதிகளில் எழுதிக் குடியேறிகளின் பக்கம் நின்றவர். 1939-இல், வெள்ளையர் வருவதற்கு முந்திய காலத்திலிருந்து தொடங்கி ஒரு கிகூயு குடும்பத்தின் தலைமுறைகளை அவர்களுடைய பார்வையிலிருந்தே சொல்ல முயன்ற 'ரெட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்ற நாவலையும் எழுதியவர். தங்கள் வயலில் அன்னியர் கூடாரம் அடித்தபோது அந்த மக்களுக்கு எப்படி இருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். இருபது ஆண்டுகள் கழித்துத் தம் சொந்த நினைவை எழுதும்போது அந்த அறிவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். இது அறியாமையைவிடக் கனமான குறை.

எழுதிய காலத்தையும் நாம் மறக்கலாகாது. 1952 அக்டோபரில் பிரகடனமான நெருக்கடி நிலை இன்னும் நீங்காத காலம் அது. 'மவ் மவ்' எழுச்சியை ஒடுக்கும் பொருட்டுக் கிகூயு மக்கள் பல்லாயிரவர் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். தீகாவின் மரங்களைப் பற்றிய நூல் வெளியான அதே 1959-ஆம் ஆண்டில், மார்ச் 3-ஆம் நாள், ஹோலா முகாமில் 11 கைதிகள் காவலர்களால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் தண்ணீர் குடித்தபின் இறந்தார்கள் என்றே அரசாங்கம் முதலில் அறிவித்தது. 1923-இல் அடிபட்டு இறந்தவனின் சாவுக்கு அவனுடைய விருப்பம் காரணமாயிற்று. 36 ஆண்டுகளுக்குப் பின் தண்ணீர் காரணமாயிற்று. அத்தகைய ஓர் ஆண்டில், குற்றமே அறியாத ஒரு பொற்காலத்தின் காலை வெயிலை இங்கிலாந்து வாசகர்கள் முன் விரித்துவைத்த நூல், எழுதியவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், ஒரு வாதமாகவே அமைந்துவிடுகிறது. நினைவு நூல் ஒவ்வொன்றும் இரண்டு காலங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்: நினைக்கப்படும் காலத்துக்கும், நினைக்கும் காலத்துக்கும். ஹக்ஸ்லி முதலாவதற்கு மனமாரப் பதில் சொன்னார். இரண்டாவதற்கு வாய் திறக்கவில்லை.

இருவருக்கும் பொதுவான மற்றொரு மௌனமும் உண்டு. இருப்புப்பாதை போட்டவர்களின் சந்ததியாரும் வணிகர்களுமான இந்தியர், அந்த மேட்டுநிலத்தில் ஒரு காணி வாங்கவும் உரிமையற்றவர்களாயிருந்தார்கள். தஞ்சை ஜில்லா வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1923-இல் தூதுக்குழுவோடு லண்டன் சென்று சமத்துவத்துக்காக மன்றாடியும், அவ்வாண்டு வெளியான வெள்ளை அறிக்கை, ஆப்பிரிக்கரின் நலனே முதன்மையானது என்று கூறிக்கொண்டே, மேட்டுநிலங்களை ஐரோப்பியருக்கே ஒதுக்கிவைத்தது. மனம் உடைந்து திரும்பினார் அவர். பூரண் சிங்கின் உலைக்களத்தை வியந்த பிளிக்ஸனின் பக்கங்களைப் படிக்கும்போது, அக்கொல்லனால் தான் இரும்படித்த மண்ணில் ஒரு வேலியும் போட முடியாதென்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு குறைகளைச் சொன்னபின், இரண்டில் எது மேலான நூல் என்ற கேள்விக்கு நான் பிளிக்ஸனுடையதையே குறிப்பிடுவேன் என்றால், அது முரண்பாடாகத் தோன்றலாம். காரணம் அந்நூலின் இறுதிப் பகுதியில் இருக்கிறது. தோட்டம் விலையாகிவிட்டது, நண்பர் டெனிஸ் ஃபின்ச் ஹாட்டன் 1931 மே மாதத்தில் விமான விபத்தில் இறந்து ங்கோங் மலையில் அடக்கமாகிவிட்டார். கிகூயு தலைவர் கினான்ஜுய் மரணத் தறுவாயில், மருத்துவமனைக்குப் போக மறுத்து, உங்கள் வீட்டில் சாக இடம் கொடுங்கள் என்று கேட்கிறார். பழி வந்துவிடுமென்ற அச்சத்தாலும் களைப்பாலும் பிளிக்ஸன் மறுத்துவிடுகிறார். மறுத்ததை நம்மிடம் மறைக்காமல் எழுதுகிறார். பின்னர், தோட்டத்தில் குடியிருந்து உழைத்த கிகூயுக்கள் வெளியேற்றப்படும் வேளை வருகிறது. தங்களைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் குடியேற்ற வேண்டுமென்பது அவர்களுடைய வேண்டுகோள். அதற்காக அதிகாரிகளின் அறைகளில் ஏறி இறங்கி, இறுதியில் டகோரெட்டியில் அவர்களுக்கு இடம் பெற்றுத் தந்தார் பிளிக்ஸன். அந்த அலைச்சலின் நடுவே அவருக்கு ஓர் உண்மை புலனாகிறது: ஒரு ஜனசமூகத்தின் நிலத்தை எடுப்பவர்கள் அவர்களுடைய கடந்த காலத்தையும் வேரையும் தாங்கள் இன்னார் என்ற அறிவையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் வெளிப்படையாக எழுதிவிடுகிறார். நூல் முழுவதும் மூடியிருந்த கதவு அங்கே ஒரு கணம் திறக்கிறது.

17 ஆண்டுகள் காணாததை அவர் அப்போது எவ்வாறு கண்டார்? தாமும் அதே மண்ணை இழந்துகொண்டிருந்தார் என்பதே விடை. அந்த இழப்பு அவர்களுடைய இழப்புக்கு நிகரானதன்று. அவருக்குத் திரும்பிப்போக ருங்ஸ்டெட்லுண்டில் தாய்வீடு இருந்தது, அவர்களுக்கு இந்த மண்ணைத் தவிர வேறில்லை. என்றாலும் இழந்தவரின் கண் இழந்தவர்களைக் கண்டுகொண்டது. ஹக்ஸ்லியின் நூல், போர் மூண்டு தந்தை பிரிய, தாயும் மகளும் தீகாவை விட்டுப் புறப்படுவதோடு முடிகிறது. அது சோகமான பிரிவே, ஆனால் திரும்பி வரப்போகும் பிரிவு. தோட்டம் அவர்களுடையதாகவே காத்திருக்கும் என்ற நம்பிக்கை குலையவில்லை. ஆகவே அது யாருடையது என்ற கேள்வியும் எழவில்லை. சிறிய உண்மைகள் அனைத்திலும் ஹக்ஸ்லி நம்பத்தக்கவர்; பெரிய உண்மை ஒன்றே ஒன்றைப் பிளிக்ஸன், அதுவும் தம்மை மீறி, சொல்லிவிட்டார்.

ஆதலால் இந்நூல்களை எறிந்துவிட வேண்டும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அழகுக்காக மட்டும் படிப்போம் என்போரோடும் இல்லை. அவற்றைத் தனியே படிப்பதுதான் தவறு. பிளிக்ஸனுடைய நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1938-இல், ஜோமோ கென்யாட்டா 'ஃபேஸிங் மவுண்ட் கென்யா' என்ற நூலில் கிதாகா உரிமை முதல் முதியோர் சபை வரை தம் மக்களின் வாழ்வை உள்ளிருந்து விளக்கினார்; கூகி வா தியாங்கோ, அதே மேட்டுநிலத்தில், லிமுருவை அடுத்த ஊரில், நிலமிழந்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்த தம் பால்யத்தை 2010-இல் நினைவு நூலாக எழுதினார். ஹக்ஸ்லியின் குழந்தையையும் கூகியின் குழந்தையையும் ஒரே மேஜையில் வைத்துப் படிப்பவருக்கு, வேலியின் இரு புறமும் ஒருசேரத் தெரியும்.

கமாண்டேயின் கேள்விக்கும் ஒரு முடிவு உண்டு. தோட்டம் மறைந்து, எஜமானியும் 1962-இல் மறைந்து, கென்யா 1963 டிசம்பர் 12-ஆம் நாள் சுதந்திரம் பெற்றபின், முதியவராகிவிட்ட கமாண்டே கடுரா தம் வாயால் சொன்ன நினைவுகளும் கதைகளும் 1975-இல் ஒரு நூலாக வெளிவந்தன. தாள்கள் எப்படி ஒன்றாக நிற்கும் என்று கேட்ட சமையற்காரரின் சொற்கள் கெட்டியான அட்டைக்குள் நின்றுவிட்டன. தம்மில் எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதை அப்போது அவரே தீர்மானித்தார்.